யாருக்கு வேண்டும் இந்த ரெஸ்ட்

அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தானே போகிறாய், அது என்னைவிட நலம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்றால், போனில் நான் பாதி சொல்வதற்குள் ரெஸ்ட் எடும்மா என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிய நாளிலிருந்து இந்த வீட்டில் ரெஸ்ட் என்ற சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. முதலில் சொன்னவர் டாக்டர். வீக்கம் வற்றும்வரை காலைத் தலையணைமேல் வை என்பதுதான் அவர் சொன்னதற்கு அர்த்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதை உன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் வாசற்படி தாண்டாதே என்று ஆகிவிட்டது. உன் அண்ணி வாயில் அது, அடுப்படிப் பக்கம் வராதீங்க அத்தை, பிள்ளையை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க என்று மாறியது. நடக்கப் பழகும் பிள்ளைக்குப் பின்னால் ஓடுவதுதான் ரெஸ்ட் என்று அவளுக்கு எந்த டாக்டர் சொன்னாரோ தெரியவில்லை. நல்ல பெண்தான், குறையாகச் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு ரெஸ்ட் என்றால் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படிக்கிறேன் என்று சாதிப்பது, அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு டிவியில் ஓர் ஆட்டக்காரனை அணியிலிருந்து தூக்கிவிட்டு அவனுக்கு ரெஸ்ட் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். பாவம், அவன் கேட்டானா என்றேன். பேப்பருக்கு அடியிலிருந்து குறட்டைதான் வந்தது. பொறுக்க மாட்டாமல் நீ பள்ளியில் வைத்திருந்த தடி அகராதியைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன். ஓய்வு, இளைப்பாறல், அமைதி, சாய்ந்துகொள்ள உதவும் முட்டு, மிச்சம் மீதி, செத்தவர் நிம்மதியாகக் கிடப்பது வரைக்கும் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இத்தனை போட்டவர்கள் காரை விற்றுவிடு என்ற அர்த்தத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்த பெருமை உன் அண்ணனுக்குத்தான்.

ஆமாம், நம் வெள்ளைச்சியைத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆள் பார்த்துவிட்டான். இனிமே அந்த டிரைவிங் ஸ்கூல் தொல்லையெல்லாம் உனக்கு எதுக்கும்மா என்கிறான். தொல்லையாம். அவன் படித்ததும் நீ படித்ததும் அந்தக் காரின் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்து உட்கார்ந்துதான் என்பது மறந்துபோயிற்று. என் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கைக் கழற்றிவிட்டால் அதுவும் சாதாரணக் கார்தானே என்றான். அதைக் கேட்டபோது என்னைக் கழற்றிப் போடுவதாகவே இருந்தது பாப்பா. அவன் காரில் போகும்போதெல்லாம் என் வலது கால் தானாக வெறும் தரையை அழுத்தும், முன்னால் ஒரு சைக்கிள் வந்தால் போதும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் இப்போது, பாரு, உன் உடம்புக்கு ரெஸ்டே தெரியல என்று அதையும் நோய்க் கணக்கில் சேர்த்துவிட்டான். கடைசியாக, பாப்பாவும் சரின்னு சொல்லிட்டா என்றான். சுளுக்கு வலித்ததைவிட அதுதான் வலித்தது.

நான் வீம்புக்குப் பேசவில்லை. கூட யாரையும் அழைத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போனேன். கால் ஆறிவிட்டதா என்று கேட்கவில்லை, அவசரத்துக்கு பிரேக் மிதிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் உள்ளங்கையை என் பாதத்தில் வைத்து, திடீரென்று நான் சொல்லும்போது அழுத்துங்கள் என்று பலமுறை பார்த்தார். பஸ்ஸையே நிறுத்திடுவீங்க போல, தாராளமா வேலைக்குப் போங்க, ஈரத் தரையில மட்டும் பார்த்து நடங்க என்றார். உன் அண்ணனிடம் இதைச் சொன்னால், அவர் உன் மனசு கோணாம பேசியிருப்பார் என்கிறான். முதலில் ரெஸ்ட் என்றபோது தெய்வமாக இருந்த டாக்டர், வேலைக்குப் போ என்றதும் பொய் சொல்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை கார் வாங்குகிறவர் மனைவியோடு வந்தார். அவரும் உன் அண்ணனும் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்கள். அந்தப் பெண் என் பக்கத்துப் பிரேக்கைப் பார்த்து இது எதுக்குங்க என்றாள். நீங்க தடுமாறினா நான் நிறுத்த என்றேன். வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தாராம், முதல் திருப்பத்திலேயே சண்டை வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாளாம். எனக்குக் கை சும்மா இருக்குமா, உட்காரும்மா என்றேன். முதல் நாள் நான் யாருக்கும் சாவி கொடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். இருக்கையை இழுக்கச் சொல்லி, கண்ணாடிகளைத் திருப்பச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு காலால் பிரேக்கைத் தேடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் காதுவரை ஏறியிருந்த அவள் தோள் இறங்கியது. அவள் கண்ணைத் திறந்து வீட்டுக்காரரிடம், இந்தக் காரை வாங்காதீங்க, நான் இவங்ககிட்ட இதுலயே கத்துக்கப் போறேன் என்றாள். அவர் சிரித்துவிட்டார். உன் அண்ணன் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு, எல்லாத்தையும் கெடுத்துட்டியேம்மா, வேற ஆள் பார்க்கிறேன் என்று குதித்தான். அப்போது பேப்பருக்கு அடியிலிருந்து உன் அப்பா, வண்டி அவளோடதுடா என்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் பேப்பருக்கு அடியிலிருந்து வந்த உருப்படியான செய்தி அதுதான்.

ஆனாலும் அவன் விடவில்லை, நீ சரி என்றதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன். நீ கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியபோது உன் மாமியார் வீட்டிலிருந்து நம் வீடுவரை அத்தனை பேரும் உன்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். அவரவருக்கு அதில் ஒரு அர்த்தம் இருந்தது, உனக்கு வேண்டிய அர்த்தம் ஒன்றுகூட இல்லை. போனில் நீ அழுதாய். நான் மட்டும்தான் போ என்றேன். அதற்காக எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. என் கால் தாமதமானால் முதலில் தெரியப்போவது எனக்குத்தான், அன்று நானே சாவியைக் கீழே வைப்பேன். அதுவரை எனக்கு யாரும் ரெஸ்ட் கொடுக்க வேண்டாம்.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்தவுடன் எனக்குப் போன் செய்யாதே, உன் அண்ணனுக்குச் செய். அன்று உனக்காக நான் சொன்னதை இன்று எனக்காக நீ அவனிடம் சொல்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உன் அம்மா