பட்டை உரியாத கட்டை

ஹார்த்பி,
4 மார்ச் 1985

ஃபெர்கஸுக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் விவாகரத்துக் காகிதமோ என்று பதறியிருப்பாய். பயப்படாதே, மரச் சமாசாரம்தான்.

இங்கே பழைய சினிமாக் கொட்டகையை இடித்துவிட்டு சூப்பர்மார்க்கெட் கட்டப்போகிறார்கள். அதற்குமுன் நாங்கள் தோண்டிப் பார்க்கிறோம். இரண்டு ஆள் ஆழத்தில் கறுப்புச் சேறு. அந்தச் சேற்றுக்குள் ரோமானியர் கட்டிய மரக்கட்டடம் ஒன்று அப்படியே கிடக்கிறது! ஓக் பலகைத் தரை, குச்சி பின்னிய தட்டிச் சுவர், வாசற்படி. நேற்று ஒரு தட்டியைத் திறந்தேன். இப்போதுதான் ஒடித்ததுபோல் குச்சியெல்லாம் மஞ்சளாக இருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டுக் கறுத்துவிட்டது. அந்த நிறத்தை நான் ஒருத்திதான் பார்த்தேன் என்று நினைத்தால் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

தரைமேல் வைக்கோலும் சாணமும். குதிரை லாயம் என்கிறேன் நான். வேலியோரம் வந்து எட்டிப் பார்த்த மீன்கடை ஐவி, "ரோமானியங்க மாளிகைன்னுல்ல பேப்பர்ல போட்டிருந்தான்? எங்கப்பா வச்சிருந்த கோழிக்கூடு மாதிரி இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ரோமானியப் படை இந்த ஊருக்குக் கி.பி. 72-இல் வந்தது, வந்த குளிர்காலத்திலேயே இங்கே கட்டடம் எழுந்தது என்று புத்தகத்தில் எழுதி அச்சகத்துக்கும் கொடுத்துவிட்டேன். இப்போது கிடைத்திருப்பதுதான் முதல் கட்டடம். இதற்குக் கீழே மனிதக் கை படாத வெறும் கன்னிமண். மரவளையத்தை எண்ணி வருஷத்தை நீதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. யார்க் மாநாட்டில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று என் வருஷம் தப்பு என்றாயே, அன்று காலை என் எதிரில் உட்கார்ந்துதானே டோஸ்ட் தின்றாய்? ஒரு வார்த்தை சொன்னாயா? உன்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னது அதற்காகத்தான், தப்பு என்று சொன்னதற்காக அல்ல. இந்த முறை எதுவானாலும் முதலில் என்னிடம் சொல்.

ஹெஸ்டர்


பெல்ஃபாஸ்ட்,
8 மார்ச்

ஹெஸ்டர்,

பதறத்தான் செய்தேன். கவரைக் கெட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, மத்தியானம்தான் பிரித்தேன்.

உன் நிபந்தனை சரி. என்னுடையதையும் கேள். கட்டைகளை ஈரமாகவே வைத்திரு. வெளிப்பட்டை ஒட்டியிருக்கும் இடமாகப் பார்த்து அறுத்து அனுப்பு. பட்டைக்கு அடியில் இருப்பதுதான் மரத்தின் கடைசி வளையம். அது இருந்தால், வருஷம் தெரிந்த பழைய மரங்களின் வளைய வரிசையோடு ஒப்பிட்டு, மரத்தை வெட்டிய வருஷம் மட்டுமல்ல, பருவத்தையும் சொல்வேன். அது போய்விட்டால் எனக்கும் உன் ஐவிக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டு பேரும் ஊகிக்க வேண்டியதுதான். முக்கியமாக, போட்டோ எடுக்கிறேன் பேர்வழி என்று யாரையும் பிரஷ்ஷோடு கிட்டே விடாதே. உங்கள் கூட்டத்தை எனக்குத் தெரியும். படத்துக்காக மண்ணையே கழுவி வைப்பீர்கள்.

அது குதிரைச் சாணமா, மாட்டுச் சாணமா? தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனால் வர முடியாது, வகுப்புகள் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், வரப் பயம்.

ஃபெர்கஸ்


ஹார்த்பி,
12 மார்ச்

ஃபெர்கஸ்,

உன் கடிதம் இன்று வந்தது. நேற்றே எல்லாவற்றையும் கெடுத்து முடித்துவிட்டேன்.

நகரசபைத் தலைவர் பத்திரிகைக்காரர்களோடு வருகிறார் என்றதும் வாளியும் பிரஷ்ஷும் கொண்டுவரச் சொன்னதே நான்தான். முதலில் மண்டிபோட்டுத் தேய்த்ததும் நான்தான். "வழவழன்னு இருக்கே, புதுசா போட்டீங்களா?" என்று தலைவரே கேட்டார். நானும் பெருமையாகச் சிரித்தேன், மடச்சி! இன்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கட்டையிலும் பட்டை இல்லை. கடைசி வளையமெல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டது. குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். ஐவி மேலிருந்து சுடச்சுட உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலத்தை இறக்கி, "சாப்ட்டுட்டு அழு கண்ணு, ஆறிடப்போவுது" என்றாள்.

ஒன்றே ஒன்று மிச்சம். சுவரின் அடிக்கட்டை. எல்லாத் தூணும் அதன்மேல்தான் நிற்கிறது. அதன் ஒரு முனை பக்கத்துச் சந்துக்கு அடியில் மண்ணுக்குள் போகிறது. அங்கே பிரஷ் படவில்லை. ஆனால் அதை எடுக்க என் கையை நானே நம்பவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள்.

பயத்தையும் கூட்டிக்கொண்டே வா.

ஹெஸ்டர்


பெல்ஃபாஸ்ட்,
15 ஏப்ரல்

அன்புள்ள ஹெஸ்டர்,

திரும்பும்போது கப்பலில் என் சட்டையிலிருந்து சேறு உதிர்ந்ததைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தே போய்விட்டார். அந்தச் சந்துக்கு அடியில் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு மரத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

பட்டை அப்படியே இருக்கிறது. கடைசி வளையம் பாதிதான் வளர்ந்திருக்கிறது. கோடை தொடங்கும்போது வெட்டிய மரம். வருஷம் 72 இல்லை, ஹெஸ்டர். 79. அடிக்கட்டை என்பதால், பின்னால் செய்த ரிப்பேர் என்று தப்பிக்கவும் வழியில்லை. 72 வந்துவிடாதா என்று மறுபடி மறுபடி எண்ணினேன். வரவில்லை.

மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்த கையோடு இதை எழுதுகிறேன். என் உதவியாளருக்குக்கூட இன்னும் தெரியாது. மே மாதம் டர்ஹாம் மாநாட்டில் நான் பேச வேண்டும். நீ வேண்டாம் என்றால் இதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன்.

ஃபெர்கஸ்


ஹார்த்பி,
19 ஏப்ரல்

அன்புள்ள ஃபெர்கஸ்,

படித்ததும் உன்னை நன்றாகத் திட்டினேன். பிறகு அச்சகத்துக்குப் போன் செய்து புத்தகத்தை நிறுத்தச் சொன்னேன். "இப்ப வந்து சொல்றீங்களேம்மா!" என்று அச்சகக்காரர் கத்தினார். கத்தட்டும்.

ஆனால் யோசித்துப் பார். படை 72-இல் வந்ததற்குச் சாட்சியாக அந்தக் காலத்துக் காசு கிடைத்திருக்கிறது, பானை ஓடும் கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் நடுவில் ஏழு வருஷம் எங்கே தங்கினார்கள்? எங்கே குதிரையைக் கட்டினார்கள்? (குதிரைதான், சாணத்தைப் பரிசோதித்தாகிவிட்டது.) ஆற்றுக்கு அக்கரையிலா? அங்கே பஸ் டிப்போ இருக்கிறது. மேனேஜரிடம் பேச்சுக்கொடுத்துப் பார்த்தேன். "எங்க பஸ்ஸையெல்லாம் ஒங்க வீட்டு வாசல்ல நிறுத்திக்கட்டுமா?" என்கிறார். விடப்போவதில்லை.

டர்ஹாமில் நீ எதுவும் சொல்ல வேண்டாம். என் தப்பை நானே மேடையேறிச் சொல்கிறேன். நீ முன்வரிசையில், என் கண்ணில் படும்படி உட்கார்.

கூட்டம் முடிந்ததும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிடாதே. என்னோடு வீட்டுக்கு வா.

உன்
ஹெஸ்டர்