சோத்துக்கைப் பக்கம்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று, தரையிலிருந்து கடலுக்கு. காலை ஒன்பதுக்கே மணல் சுடுகிறது. கடல் தட்டை.

இந்தக் கொப்பி மிஸ் சொல்லித் தொடங்கியது. மீனவர் சங்கக் கட்டடத்தில் சின்ன போட் ஓட்டுபவர்களுக்கு ஒரு கிழமை வகுப்பு. படிப்பிக்க வந்த மிஸ் காரைதீவுப் பிள்ளை, முப்பது வயதும் இராது. "கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் எழுதுங்க. காத்து, நேரம், விட்ட பிழை. பிழைய மறைக்காதீங்க. ஆரும் பாக்கப் போறல்ல." யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால் எழுதலாம்.

என் நிலைமை. பத்தொன்பது வருடம் கல்முனை–கொழும்பு வேன் ஓட்டம். ஒரு கீறல் இல்லை. முதலாளி வேனை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். அடுத்த மாதமே என் மனைவி ஃபரீதாவின் தம்பி ரிம்சானுக்கு (இனி ரி., முழுப்பேர் எழுதக் கை வலிக்கிறது) போட் தள்ளும்போது வலத் தோள் விலகிவிட்டது. போட் அவனுடையது. எஞ்சின் கயிறு இழுக்க ஏலாது, ஹேண்டில் பிடிக்க ஏலாது. நான் ஓட்டுகிறேன் என்றேன். வீட்டில் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

ரி.: "மச்சான், இது வேன் இல்ல. வாற ஞாயிறு வரைக்கும் பாப்பன். கைக்கு வராட்டி மருதமுனையில ஒராள் கேக்காரு, அவர்ட்ட குடுத்திடுவன். கோவிக்கப்படா."

ஃபரீதா சோறு போடும்போதுதான் வாய் திறந்தாள்: "எனக்கு இரிக்கிற ஒரு தம்பி, ஒரு மாப்பிள்ள. ரெண்டு பேரும் ஒரே போட்டில. யோசிச்சுச் செய்ங்க."

இன்று படித்தது:
– ஹேண்டிலை இடப்பக்கம் தள்ளினால் போட் வலப்பக்கம் போகும். ஸ்டியரிங்குக்குத் தலைகீழ்.
– பிரேக் கிடையாது. நியூட்ரல், பிறகு ரிவர்ஸ். அதுவும் உடனே நிற்காது.
– திருப்பினால் பின்பக்கம் மறுபக்கமாக வீசும். ஆள், கயிறு, பக்கத்துப் போட் எல்லாம் பார்க்க வேண்டும்.
– சிவப்புக் கயிறு மணிக்கட்டில். ஆள் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் தானாக நிற்கும்.
– நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம்.

கடைசியை மூன்று தரம் சொன்னார். "சோத்துக்கைப் பக்கம். உலகத்தில எந்தக் கடல்லயும் சோத்துக்கைப் பக்கம்." பின்வரிசையில் ஒருத்தர், "ரோட்டில இடம், கடல்ல வலமா மிஸ்?" எல்லாரும் சிரித்தோம். சின்ன விஷயம்தானே.

ஜூலை 8, செவ்வாய்

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு போட்டை இறக்கினோம். கரை அலை சின்னது. மூன்று பெரிய அலை போக விட்டு, இடைவெளியில் நேராக எடுத்தேன், பக்கவாட்டில் காட்டவில்லை. ரி. "மாஷா அல்லாஹ்" என்றான். எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. அங்கேயே பிடித்தது சனி.

ஆறரை இருக்கும். எதிரே ஒரு போட் கரைக்கு வருகிறது. பாண்டிருப்புத் தங்கராசா அண்ணன், வலை முடித்து வருகிறார். நேருக்கு நேர். என் கை தானாக போட்டை இடப்பக்கம் எடுத்தது, காரைதீவுச் சந்தியில் பஸ் வந்தால் எடுக்கிற மாதிரியே. அவர் தன் வலப்பக்கம் எடுத்தார். என் இடமும் அவர் வலமும் ஒரே பக்கம். ரி. கத்தினான். உடனே வலப்பக்கம் எடுக்க நினைத்து, ஸ்டியரிங் போல ஹேண்டிலையும் வலப்பக்கம் தள்ளினேன். போட் இன்னும் இடப்பக்கம் போனது.

அவர் ரிவர்ஸ் போட்டதால் உயிர் தப்பினோம். இடித்ததில் அவருடைய போட்டின் முன்விளிம்பில் ஒரு சாண் வெடிப்பு. ரி. அந்தத் தோளிலேயே விழுந்தான். அந்தச் சத்தம் இன்னும் காதில்.

தங்கராசா அண்ணன் (நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைக் காக்கா என்பார்) எழும்பி நின்று: "என்ன காக்கா, இது மெயின் ரோட்டா? எங்க பழகின நீங்க? ஆளக் கொல்லப் பாக்கிறீங்களா?"

வெயில் முகத்தில் அடித்தது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வெயில் அவ்வளவு இல்லை.

திரும்பி வரும்வரை ரி. இடக்கையால் போட் விளிம்பை இறுகப் பிடித்தபடி, கடலைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் ஏசியிருந்தால் நல்லம்.

வீட்டில் ஃபரீதா அவன் தோளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "ஒரே நாளில ரெண்டு மையத்து வந்திரிக்கும் இந்த வாசலுக்கு." வெளியே போய்க் கிணற்றடியில் இருந்தேன். அழுகை வந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல் இல்லை என்று ஊரெல்லாம் சொன்ன வாய்.

பிழை: இரண்டு. இரண்டும் ரோட்டில் இருந்து வந்தவை.
முடிவு: போட்டை விடுகிறதில்லை.

ஜூலை 9, புதன்

காற்று கூட. கடலுக்குப் போகவில்லை, ரி. வரமாட்டானாம்.

வகுப்பில் எழும்பி நின்று நடந்ததைச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மிஸ்: "உங்களுக்கு விதி தெரியும். உங்கட கைக்குத் தெரியாது. வீட்ட போய்க் கைக்குப் படிப்பியுங்க." முதல் நாள் இந்தப் பிள்ளையா நமக்குப் படிப்பிக்கப் போகிறது என்று நினைத்தவன் நான். அதையும் எழுதி வைக்கிறேன்.

மற்றவை:
– குறுக்கே வந்தால், வலப்பக்கத்தில் வருகிறவனுக்கு வழி விடு. அவனுக்கு முன்னால் வெட்டாதே, வேகத்தைக் குறை அல்லது பின்னால் சுற்று.
– முந்துகிறவன்தான் விலக வேண்டும். (ரோட்டில் இது ஒருத்தருக்கும் தெரியாது.)
– விசில் ஒன்று: வலம் எடுக்கிறேன். இரண்டு: இடம். ஐந்து: நீ என்ன செய்கிறாய் என்று விளங்கவில்லை.
– கம்பாஸுக்குப் பக்கத்தில் ஃபோன் வைக்கக் கூடாது. முள் விலகும். வைத்துப் பார்த்தோம், மெய்தான்.

பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, முற்றம். விளக்குமாற்றை இடக்கையால் முதுகுக்குப் பின் ஹேண்டில் போல பிடித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி நடந்தேன். தள்ளு இடம், நட வலம். ஃபரீதா உடுப்புத் தோய்த்த பேசினோடு குசினி வாசலில்.

"என்ன இது, கெட்ட காத்துப் பட்டிட்டா?"

சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். நேற்று என் முகத்தைப் பார்க்காமலே பேசியவள். பிறகு பேசினை இடுப்பில் வைத்தபடி முற்றத்தின் அந்த மூலைக்குப் போனாள். "சரி, நான் எதிர வாறன்."

முதல் தரமே இடித்தேன். இடப்பக்கம். உடுப்பெல்லாம் மணலில். "ஓ, என்னையும் இடிச்சாச்சு. இனி ஊரில மிச்சம் ஆரு?" திரும்பவும் தோய்த்துப்போட்டு வந்தாள். இருபது தரம், முப்பது தரம். மெதுவாக வந்தாள், ஓடி வந்தாள், நான் வேறு பக்கம் பார்க்கும்போது வந்தாள். இருபத்தைந்துக்குப் பிறகு பிழை வரவில்லை.

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ராத்தா: "என்னகா ஃபரீதா, இந்த வயசில மாப்பிள்ளையோட ஓடிப் புடிச்சு வெளையாட்டா?"

ஃபரீதா நிற்கவேயில்லை. "ஓம் ராத்தா, நீங்களும் வாங்க, இன்னொரு போட் தேவப்படுது."

ஜூலை 10, வியாழன்

காலையில் ஃபைபர் துணி, பசை, உப்புத்தாள் வாங்கிக்கொண்டு பாண்டிருப்புக் கரைக்கு. தங்கராசா அண்ணன் வலை தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. வெடிப்பை நானே ஒட்டித் தருகிறேன் என்றேன். தலையசைத்தார், அவ்வளவுதான். இரண்டு மணித்தியாலம் தேய்த்து ஒட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குடிக்க ஒரு பிளேன்டி வந்தது.

"மறுகா கடலுக்குப் போவீங்களா?"

"போகணும் அண்ணன்."

"அப்ப பின்னேரம் வாங்க. நான் எதிர வாறன். திரும்பத் திரும்ப வாறன். கை பழகும்."

நம்ப முடியவில்லை. ஏன் அண்ணன் என்றேன். வலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "உங்களுக்காக இல்ல காக்கா. நீங்க இந்தக் கடல்லதான் ஓடப்போறீங்க. ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிர வாறவன் நான்."

பின்னேரம். ரி. கரை வரைக்கும் வந்தான், ஏறவில்லை. தனியே போனேன். லைஃப் ஜாக்கெட், சிவப்புக் கயிறு, கழுத்தில் விசில்.

முதல் தரம்: கை உறைந்துவிட்டது, அவரே விலகினார்.
இரண்டு, மூன்று: சரி.
நான்கு: யோசிக்காமல் விட்டேன், கை இடம் போனது. வேகத்தைக் குறைத்து நின்றேன். அவர் ஐந்து விசில், அதோடு நாலு வார்த்தை. அந்த வார்த்தைகளை எழுதத் தேவையில்லை.
ஐந்திலிருந்து பதினான்கு வரை: எல்லாம் வலம். ஒவ்வொரு தரமும் இடப்பக்கத்தால் கடந்து போகும்போது "ஓம்!" என்று கத்தினார். கடைசி மூன்றுக்கும் கத்தவில்லை, பீடியை வாயிலிருந்து எடுக்கவேயில்லை.

கச்சான் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். போக லேசு, வரக் கஷ்டம். திரும்பி வர, போகச் செலவான எண்ணெயைப் போல இரண்டு மடங்கு வைத்திருக்க வேண்டும். பள்ளிவாசல் மினாராவும் அதற்குப் பின்னால் ஃபோன் டவரும் ஒரே கோட்டில் வந்தால் எங்கள் கரை வாய் நேரே. டவர் மினாராவுக்கு வலப்பக்கம் விலகினால் நானும் வலம் விலகிவிட்டேன். அதைப் பிடித்தே வந்து சேர்ந்தேன்.

ரி. எண்ணெய்க் கேனை இடக்கையால் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தான்.

ஜூலை 11, வெள்ளி

கடல் இல்லை. ஜும்ஆ. தோள், முழங்கை எல்லாம் நோவு.

பின்னேரம் ஃபரீதாவை அவள் மாமி வீட்டுக்கு ஏற்றிப் போக இரவல் ஆட்டோ. எதிரே லொறி. கை ஒரு கணம் வலம் போனது. பின்னாலிருந்து: "இது ரோட்டு! ரோட்டு! இடம்!" உடனே இடம் எடுத்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. செவ்வாய்க்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான்.

ஜூலை 12, சனி

செய்முறைப் பரீட்சை. காற்று குறைவு. மிஸ் முன்பக்கத்தில், மடியில் பலகையும் தாளும்.

கரை விடுதல், மிதவைக்குக் கிட்ட நிறுத்தல், விழுந்த ஆளை எடுத்தல் (ஆளுக்குப் பதில் காலிக் கேன்). எல்லாம் சரி. கடைசியில் நேருக்கு நேர். எதிரே வந்தது அக்கரைப்பற்று ஆள், லொறி ஓட்டியவராம். நான் வலம் எடுக்கத் தொடங்கியதும் அவர் இடம் எடுத்தார். செவ்வாய்க்கிழமை நான் செய்த அதே வேலை. வேகத்தைக் குறைத்தேன், ஐந்து விசில், ரிவர்ஸ், நின்றேன். அவர் இரண்டு பாகம் (பன்னிரண்டு அடி) தள்ளிக் கடந்து போனார். முகம் வெளுத்திருந்தது.

மிஸ்: "விதிப்படி நீங்கதான் சரி. ஏன் நின்டீங்க?"

"சரியா இருந்து மவுத்தாகி என்ன பிரயோசனம் மிஸ்?"

சிரித்தார், ஏதோ எழுதினார். பாஸ். அல்ஹம்துலில்லாஹ்.

கரைக்கு வந்து அந்த லொறிக்காரரைத் தேடிப் பிடித்தேன். ஃபெயிலாம். தனியே நின்றார். விளக்குமாற்றுக் கதையைச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், பிறகு எந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்.

பத்திரத்தை ரி.யிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தான். "தாள் நல்லம். நாளைக்குப் பாப்பம்."

ஜூலை 13, ஞாயிறு

சுபஹ் முடிய இறக்கினோம். ரி. ஏறினான். போகும்போது முழுக்க அதே பார்வை, என் கையிலே. இடக்கை விளிம்பில். தூண்டில் மட்டும்தான், வலை இழுக்க அவன் தோள் இன்னும் விடாது. பாரை மீன் ஏழு, சின்னது கொஞ்சம். ஒன்பதரைக்குத் திரும்பல். காற்று எதிரே, வெயில்.

பாதி வழியில் ஒரு பெரிய ஆழ்கடல் போட், நேர் எதிரே. ஒரு விசில் ஊதினேன். வலம். அவனும் வலம். இடப்பக்கத்தால் கடந்தான், மேல்தட்டில் ஒருத்தன் கை காட்டினான். அவன் கிளப்பிய அலைக்கு முன்பக்கத்தைக் கொஞ்சம் சரித்துக் கொடுத்தேன், ஏறி இறங்கியது. எல்லாம் முடிந்த பிறகுதான் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை என்று விளங்கியது.

ரி. ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். கயிற்றுக் குவியலில் சாய்ந்து, தொப்பி முகத்தில், வாய் திறந்து தூங்குகிறான். விளிம்பைப் பிடித்த கை மடியில் கிடக்கிறது. எப்போது தூங்கினானோ. பெரிய போட் போனதே தெரியாது.

கடலில் தனியே இருந்து பல்லைக் காட்டினேன், பைத்தியக்காரன்.

கரை அலைக்கு முன்தான் எழுப்பினேன். "வந்திட்டமா?" என்றான், கண்ணைக் கசக்கிக்கொண்டு. மருதமுனை ஆளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

வீட்டில் ஃபரீதா பாரை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி என்ன சொன்னான்?"

"ஒன்டும் சொல்லல்ல. தூங்கினான்."

"எங்க?"

"போட்டில. வாற வழி முழுக்க."

கத்தி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

"நாளைக்கு எத்தின மணிக்கு எழுப்ப?"