மாட்டின் பின்பாதி

செப்டம்பர் 12, வியாழன்
ஸ்கார்பரோவில் மூன்றாம் நாளாக மழை. பல் வலி. சனிக்கிழமைக்கு அக்கா எனிட் டிக்கெட் வாங்கியிருக்கிறாள்: ஆண்கள் பெண் வேடத்தில் ஆடிப் பாடும் இசை நாடகம். அதே மேடையில் பத்தொன்பது கிறிஸ்துமஸ் நாடகங்களில் கிழவி வேஷம் கட்டிய எனக்கு இதைக் காட்ட வேண்டியதுதான்.

செப்டம்பர் 14, சனி
கேலம் என்ற இளைஞன்தான் நாயகி. நான் பாவாடை கட்டினால் உள்ளே இருப்பது ஆண் என்று கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும், சிரிப்பே அதில்தான். இவன் கட்டினால் எங்கள் வரிசைப் பாதிரியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார். சாண் உயரக் குதிகால் செருப்பில், கீழே பார்க்காமல் படியிறங்குகிறான். நான் தட்டைச் செருப்பிலேயே இருமுறை விழுந்திருக்கிறேன். ஒருமுறை வேண்டுமென்றே.

இடைவேளையில் ஐஸ்கிரீமும் கையுமாக எனிட், "உன் கால் என்னைக்காவது இப்படி இருந்துச்சாடா?"

"என்னோடது கிழவிக்கான கால்க்கா."

"ஆமாமா, நல்லாத்தான் பொருந்துச்சு."

முடிவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முழங்கால் வலி என்று சொல்லி உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயிறு ஏன் எரிய வேண்டும்? என் நாடகத்திலும் எழுந்து நிற்பார்கள் — பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக.

அக்டோபர் 1, செவ்வாய்
அரங்க நிர்வாகி பெரில் போன் செய்தாள். "லயனல் கண்ணு, இந்த வருஷம் கிழவி வேஷம் கேலமுக்கு. கோச்சுக்காதே. உனக்கு மாடு வச்சிருக்கேன்."

"முழு மாடா?"

"பின்பாதி."

அக்டோபர் 2, புதன்
ஒத்துக்கொண்டேன். ஒரே மாட்டுத் தோலுக்குள் இரண்டு பேர்; பின்னங்கால்கள் நான். வேற என்ன பண்றது?

டிசம்பர் 6, வெள்ளி
எங்கள் கூட்டத்தில் ஒரு விதி: நாடகத்தின் கடைசி இரண்டு வரிகளை முதல் காட்சிக்கு முன் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒத்திகையில் சொன்னால் நாடகம் உருப்படாது. அந்த வரிகள் கிழவியுடையவை. கேலமுக்கு இது முதல் கிறிஸ்துமஸ் நாடகம், விதி தெரியாது. ஒரு வாரமாக, மிகுந்த கவனத்தோடு, நான் அதை அவனிடம் சொல்லவில்லை.

இன்று கடைசிக் காட்சி ஒத்திகை. கேலம் முன்னால் வந்து மூச்சை இழுத்தான். நான் மாட்டுத் தோலுக்குள் குனிந்திருந்தேன். சொல்லட்டும். எல்லாரும் அவனைக் கரித்துக் கொட்டட்டும். சொல்லட்டுமே—

"ம்மாஆஆ!"

மாடு பின்பக்கத்திலிருந்து கத்தியது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்; கேலமின் வரி வெளியே வரவே இல்லை. பிறகு அவனைத் தனியே இழுத்துப்போய் விதியைச் சொன்னேன்.

"ஐயோ, மானத்தக் காப்பாத்துனீங்கண்ணே!"

கிட்டத்தில் பார்த்தாலும் கால் நன்றாகத்தான் இருக்கிறது. சனியன்.

டிசம்பர் 14, சனி
முதல் காட்சி. கத்தலை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் பெரில். கடைசி வரிகளுக்கு முன் கேலம் மூச்சை இழுத்து, காத்திருந்தான். எனக்காக. கத்தினேன். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

எனிட் எழுந்தே நின்றுவிட்டாளாம். தோலுக்குள் இருந்ததால் நான் பார்க்கவில்லை. கழிப்பறைக்கு இல்லையாம், விசாரித்துவிட்டேன்.