அண்ணன் உட்கார்ந்த சீட்டு

அன்பு மகளே,

ஐரோப்பிய ராலி கார்ப் பந்தயத்துக்கு உன்னை எடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் பார்த்தேன். அயர்லாந்தில் இந்த டொனிகால் மூலையிலிருந்து ஒரு பெண் அவ்வளவு தூரம் போவது லேசா? படத்தில் இளைத்திருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடு.

என் மகன் ஃபின்டன் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு நீ வராததை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்தான் பேசியது. "அவ ஓட்ட, பக்கத்துல உக்காந்து வளைவு வளைவா வழி சொன்னதுலதான் எம்புள்ளைக்குச் சந்தோஷமே. வாய மூடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவன் தங்கை கிளோடா உன் பக்கத்தில் உட்காரப் போகிறாளாம்.

"அண்ணன் சீட்டுல வேற எவனோ வந்து உக்காரணுமாம்மா?"

"நீ சின்னப் பொண்ணுடி."

"நீ சும்மா இரும்மா. பஸ்ல போனாலே வாந்தி எடுக்கிற ஆளு!"

சிரித்துவிட்டேன். அவன் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

என் பேச்சு அவளிடம் எடுபடாது. நீ சொன்னால் கேட்பாள். வளைவுகளைப் பிந்திச் சொல்கிறாய், குரல் நடுங்குகிறது, நீ இதற்கு லாயக்கில்லை என்று சொல்லிவிடு. அழுவாள். அழட்டும்.

நேற்று அவள் அறைக்கு வெளியே நின்று கேட்டேன். விபத்து நடந்த அன்றைக்கு உங்கள் காருக்குள் எடுத்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அண்ணனின் வளைவுக் குறிப்புகளை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கவே இல்லை. அந்தக் கல்மதில் வளைவைக்கூட, ஃபின்டன் அன்று சொன்னதைப் போலவே, சரியான நேரத்தில் சொன்னாள்.

அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அவர்கள் இருவரையும் பெற்றவள்