ரோஸ்லின் அக்காவின் வீடு

சனிக்கிழமை இரவு, டுரியான் துங்கால்

தூக்கம் வரவில்லை. மதுரையிலிருந்து இங்கே மலேசியாவுக்கு, கல்லூரியில் பாடம் நடத்த வந்தவள் நான். இன்று வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தேன்.

எஸ்டேட் கோயில் மண்டபத்தில் விடிந்ததிலிருந்து சமைத்தது இந்த ஊர்க்காரர் ரோஸ்லின் அக்கா. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். பொட்டலங்களோடு நானும் மாணவர்களும் படகில் போனோம். கடைசி வீட்டில் ஜன்னல்வரை தண்ணீர். கதவு பூட்டியிருந்தது.

"இது ரோஸ்லின் வீடு, டீச்சர்," என்றார் படகுக்காரர்.

திரும்பி வந்து, "அக்கா, உங்க வீடு..." என்று இழுத்தேன்.

"தெரியும் லா. விடியறதுக்கு முன்னாடியே பார்த்துட்டுத்தான் வந்தேன். அங்க உக்காந்து அழுதா தண்ணி எறங்கிடுமா? இங்க இத்தன பேரு பசியா இருக்காங்க. நீங்க சாப்டீங்களா?"

தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த உலைக்கு அரிசி களையப் போனார். இப்படியும் ஒரு மனுஷியா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

தண்ணீர் வடிந்ததும் அவர் வீட்டைக் கழுவித் தருவதாக மாணவர்கள் சொன்னார்கள். அப்போதுதான் அக்கா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணுல பொக லா, டீச்சர்," என்றார்.

எரிந்துகொண்டிருந்தது கேஸ் அடுப்பு.