பதினான்காம் பத்தி

அன்பு மகள் குசுமுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் தவிர. அங்கே நீயும் உன் முப்பது ஜவான்களும் கைகால் விரல்கள் உட்பட நலமாக இருக்க வேண்டும். விரல்களைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு, கீழே வருகிறது. உன் சித்தப்பா மகனுக்கு ஹல்த்வானியில் பெண் நிச்சயமாகிவிட்டது, பெண் வீட்டார் மாப்பிள்ளையைவிட அவன் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்கள்.

நம் ராணுவக் கையேட்டில் பனிமலை நடை அத்தியாயம், பதினான்காம் பத்தி: ஐம்பது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாற வேண்டும். நான் எழுதியது, இருபத்திரண்டு வருடமாக யாரும் கைவைக்காதது, ஓய்வுக்குப் பிறகும் அதைக் காக்க என்னையே கையேட்டுப் பிரிவில் உட்காரவைத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் வியர்வை உறைகிறது, நின்றபடி மூன்று நிமிடம் போதும் என்று நீ போனில் சொன்னாய். முறைப்படி எழுதி அனுப்பு என்றேன். முறைப்படி அனுப்பினாய். ஏற்கெனவே சோதிக்கப்பட்டது, மாற்றம் தேவையில்லை என்று முறைப்படி நிராகரித்தேன். அன்று சாப்பிடும்போது அம்மா, "பொண்ணு அங்க நின்னுக்கிட்டு சொல்றா, நீங்க இங்க உக்காந்துக்கிட்டு வேணாங்கிறீங்க" என்றாள். ராய்தாவில் உப்பு குறைவு என்று பேச்சை மாற்றினேன். போன வாரம் பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரைப் பனிச்சரிவில் ஏற்றினார்கள், நானும் பார்க்கப் போனேன். விசில் ஊதியதும் பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் கழித்து அதில் நான்கு பேருக்குத் துப்பாக்கி வாரை மாட்ட விரல் மடங்கவில்லை. அவர்களுக்கு முழு மதிப்பெண். நாயக் அங்ரூப் என்ற லாஹௌல் பனிமலைக்காரன் மட்டும் உட்காராமல் கால் மாற்றி மாற்றி நின்றான், அவனுக்கு முட்டை. நான்கு பேருக்கும் வார் மாட்டிவிட்டவன் அவன்தான். ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். "சாப், எங்க ஊர்ல பனியில உக்காந்தவனைத் தூக்கிட்டுத்தான் வரணும்" என்றான். அலுவலகத்துக்கு வந்து என் பழைய சோதனைக் கோப்பை எடுத்தேன். இடம், அணிவகுப்பு மைதானம். மாதம், ஜூன். முடிவு, அனைவரும் புத்துணர்வுடன் எழுந்தனர். இடையில் தேநீர் வழங்கியதையும் குறித்திருக்கிறேன். குசும், எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே திருத்தம் எழுதிவிட்டேன், அங்ரூப்பின் மதிப்பெண்ணையும் மாற்றச் சொன்னேன். திருத்தத்துக்கு ஏழு கையெழுத்து வேண்டும், மூன்று ஆகியிருக்கிறது, நான்காமவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். புதிய பக்கம் அச்சாகி வர ஹோலி ஆகிவிடும், நீங்களோ திங்கட்கிழமை மேலே ஏறுகிறீர்கள். உன் கமாண்டிங் ஆபீஸர் கையேட்டை எழுத்துக்கு எழுத்து பிடிப்பவர் என்றாயே, அதனால்தான் போனில் சொல்லாமல், விடுப்பு முடிந்து வரும் ஹவில்தாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் காட்டு. மோட்டார் சைக்கிள் விஷயத்தை மட்டும் மடித்து மறைத்துக்கொள். அம்மா வறுத்த பட் பயறு அனுப்பியிருக்கிறாள், எல்லோருக்கும் கொடு. கோலு தேவதை கோவிலில் உனக்காக மனு எழுதிக் கட்டியிருக்கிறாள், அங்கே ஒரு கையெழுத்து போதுமாம்.

நூறு வயது நன்றாக இரு. ஈரக் காலுறையோடு தூங்காதே. அப்பா சொல்வதைக் கேள் என்று சொல்லியே உன்னை வளர்த்தேன், இந்த ஒரு முறை கேட்காதே. உட்காராதே அம்மா.

இப்படிக்கு,
பதினான்காம் பத்தியைத் தவறாக எழுதிய
உன் அப்பா,
திரிலோக் சிங் ரௌதேலா,
லெப்டினன்ட் கர்னல், ஓய்வு.