இரவல் சோபா

ஜூன் 3, செவ்வாய்

எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு நாட்குறிப்பு! பேத்தியின் ஏற்பாடு. நான் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் அதற்குப் புரியாதாம். செய்தி வாசிக்கிறவன் மாதிரி பேச வேண்டுமாம். சரி, எழுபத்தாறு வயதில் அந்த மரியாதையையும் கொடுத்துத் தொலைப்போம்.

பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அரசு உதவித்தொகை வந்தால்தான் சேர முடியும். மகன் போய் ஆறு வருடம். மருமகள் தையல் கம்பெனியில் மெஷினில் உட்காருகிறாள். வறுமை எங்களிடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். பதினோரு தாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு ஒன்று, மகன் இல்லை என்பதற்கு ஒன்று.

ஜூன் 9, திங்கள்

உதவித்தொகை அலுவலகக் கவுன்ட்டரில் ஒரு பெண். "தாத்தா, உங்களுக்கு வருமானம் இல்லைன்னா, இல்லைன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

இல்லாததற்கு யார் சான்று கொடுப்பார்கள்? கொடுக்கிறார்கள். மூன்றாவது மாடியில்.

ஜூன் 19, வியாழன்

நாளை வீட்டைப் பார்க்க ஆய்வாளர் வருகிறார். மருமகளுக்கு ஒரே கவலைதான்: "வர்ற மனுஷனை எங்க மாமா உட்கார வைக்கிறது?"

பக்கத்து வீட்டுக்காரிக்கு இரக்க குணம். சோபாவைக் கொடுத்தாள். கேட்காமலே டீவியையும் கொடுத்தாள். கண்ணாடிக் குவளைகள் ஆறு. நாற்பது வருடம் மரச்சாமான் கடையில் சுமை தூக்கியவன் கை சும்மா இருக்குமா? சோபாவின் ஒரு முனையை நானே பிடித்தேன்.

பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, நாம ஏழையான்னு பார்க்கத்தான் அவர் வர்றாரு!"

"ஏழைன்னா மானம் மரியாதை இல்லையாடி? வர்றவரைத் தரையிலயா உட்காரச் சொல்றது?"

மூன்று பேரில் ஒருத்திக்கு மூளை இருந்தது. அவள் பேச்சு எடுபடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வந்தார். சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணாடிக் குவளையில் குடித்தார். "வீட்டை நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். மருமகளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். என்ன எழுதுகிறார் என்று நான் எட்டிப் பார்த்தேன். பார்த்து?

ஜூலை 8, செவ்வாய்

நேற்றுக் கடிதம் வந்தது. விண்ணப்பம் தள்ளுபடி. பேத்தி வாசித்துக் காட்டினாள்: "சோபா, தொலைக்காட்சி உள்ளன. வசதியான குடும்பம்."

அடப்பாவி! உட்கார்ந்த இடத்தையே எழுதிட்டுப் போயிட்டியேடா! குடிச்சதையாவது எழுதாம விட்டியே, புண்ணியவான்!

கல்லூரியில் சேர ஆகஸ்ட் பத்து வரைதான் கெடு. மருமகள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. "என்னாலதான் மாமா" என்கிறாள்.

"ஒரு முனையை நீ தூக்கினே, ஒரு முனையை நான் தூக்கினேன். நீ மட்டும் எப்படிம்மா?" என்றேன். கொஞ்சம் சாப்பிட்டாள்.

ஜூலை 16, புதன்

மேல்முறையீடு. நாலாவது மாடியில் பெரிய அதிகாரி. பேத்தி பேசினாள், அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "சோபா பக்கத்து வீட்டோடதுன்னு எப்படிம்மா நம்புறது? ரசீது இருக்கா?"

ரசீதைப் பக்கத்து வீட்டுக்காரி எப்போதோ தொலைத்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"அவங்க வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் இறக்கினதே நான்தான் ஐயா. ஒன்பது வருஷம் ஆச்சு. நல்ல மழை. இடது பின்கால் படியில இடிச்சு ஒரு சில்லு பேந்துச்சு. கடையில டெலிவரி நோட்டு இருக்கும், கேட்டுப் பாருங்க."

"படிக்கத் தெரியாதுங்கறீங்க. ஒன்பது வருஷத்துக் கதை நினைவிருக்குங்கறீங்க."

"உங்க மேஜையும் எங்க கடைச் சரக்குதான் ஐயா. பதினோரு வருஷம். அன்னைக்கு லிஃப்ட் ஓடலை. இந்த வாசல்ல திருப்பும்போது வலது டிராயர் நிலையில மோதிடுச்சு. அப்போலேர்ந்து பூட்டு விழாது."

அவர் சாவியைப் போட்டுத் திருகினார். விழவில்லை. இன்னொரு தடவை திருகினார். பக்கத்தில் நின்ற குமாஸ்தா, "நான் சேர்ந்த நாள்லேர்ந்தே அப்படித்தான் சார்" என்றான்.

"நாலு தடவை பூட்டை மாத்தினேனய்யா!" என்றார் அதிகாரி. சிரிப்பா கோபமா, தெரியவில்லை. கடை நோட்டைப் பார்க்கவும், சொல்லாமல் போய் வீட்டை மறுபடி பார்க்கவும் உத்தரவு போட்டார். டிராயருக்காக என்னை ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஜூலை 22, செவ்வாய்

வேறொரு ஆய்வாளர் வந்தார். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை — பேத்தி கண்ணாலேயே உத்தரவு போட்டுவிட்டாள். மருமகளுக்குத்தான் வேதனை. பக்கத்து வீட்டுப் பக்கமே இரண்டு தடவை அடியெடுத்து வைத்தாள். பேத்தி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வந்தவர் நின்றபடியே எழுதிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிடைத்துவிட்டது. அரசாங்கமே ஒப்புக்கொண்டது, நாங்கள் ஏழைகள். மருமகள் தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடிதத்தின் கடைசி வரியைப் பேத்தி இப்போதுதான் வாசித்தாள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமாம். வருமானம் வரம்பைத் தாண்டினால் நின்றுவிடுமாம்.

நேற்றுத்தான் கம்பெனியில் மருமகளைச் சூப்பர்வைசராகப் போடுகிறோம் என்றார்கள். பதினாறு வருடம் மெஷினில் உட்கார்ந்த பிறகு. அந்தச் சம்பளம் வரம்பைத் தாண்டும். ஆனால் நாலு வருடம் கல்லூரிக்குக் கட்டக் காணாது.

"எடுத்துக்கோம்மா. நான் ஏதாவது வேலை பார்த்துக்கிட்டே படிக்கிறேன்."

"உன்னை எவடி கேட்டா?"

ஆகஸ்ட் 18, திங்கள்

மருமகள் மேனேஜரிடம், "எனக்கு அவ்வளவு விவரம் பத்தாது சார்" என்று சொல்லிவிட்டாளாம். அவரும் அப்படியே நம்பிவிட்டாராம். இவள் ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்த ஒரு பெண்ணுக்கு அந்த வேலை போயிற்று.

இன்று பேத்திக்குக் கல்லூரியில் முதல் நாள். தாயும் மகளும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். தெருமுனைவரை பேசிக்கொண்டே போனார்கள். அங்கே ஒருத்தி பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பினாள், ஒருத்தி கம்பெனிக்கு.